தலையணையும் தண்மையும்

நள்ளிரவிலே விழிப்புக்கொண்டு, தலையணையை மறுபக்கம் புரட்டிப் போட்டு, அந்தப் பக்கத்துக் குளிர்ச்சியிற் கன்னத்தை வைத்து மீண்டும் கண்ணயராதவர் நம்மில் எவருமிலர். எவரும் கற்பிக்காமலே குழந்தைப் பருவத்தில் நாம் கற்றுக்கொண்ட வித்தை அது. ஆனால், புரட்டிய பக்கத்தின் குளிர்ச்சி எத்துணை நேரம் நிற்கின்றது? ஐந்து நிமிடம், மிஞ்சினாற் பத்து நிமிடம். பின்னர் அதுவும் சூடேறிவிடுகின்றது; மறுபடியும் புரட்டுகின்றோம். வைகாசி மாதத்து இரவொன்றில் எத்தனை முறை இவ்வாறு புரட்டுகின்றோம் என்பதைக் காலையில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், "இரவெல்லாம் நித்திரையே இல்லை" என்ற முறைப்பாடு மட்டும் தவறாமல் எழுகின்றது.

கடையிலே தலையணை தெரிவு செய்பவரைக் கவனித்திருப்பீர்கள். கையால் அமுக்கிப் பார்ப்பார். கன்னத்தில் ஒற்றியும் பார்ப்பார். "குளிர்மையாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிப் பணத்தைக் கொடுப்பார். அவர் சோதித்தது தலையணையின் முதல் ஐந்து நிமிடத்தை மாத்திரமே. நாமோ அதன்மீது ஏழு மணி நேரம் தலை வைக்கின்றோம். முதலில் தொடும்போது தோன்றும் குளிர்ச்சி வேறு. விடியும்வரை நிலைக்கும் குளிர்ச்சி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே பலர் தம் பணத்தையும் உறக்கத்தையும் ஒருங்கே இழக்கின்றனர்.

தலையணைக்கெனச் சொந்தமாக ஒரு குளிர்ச்சி கிடையாது. பஞ்சாயினும் நுரையாயினும் இறகாயினும், அறையிற் கிடக்கும்போது அதன் வெப்பநிலை அறையின் வெப்பநிலையே. உறங்குகின்ற மனிதன் ஒருவன் ஏறக்குறைய 70 முதல் 80 உவாற்று வரையான வெப்பத்தை இடையறாது வெளிவிடுகின்றான். பழைய மின்குமிழ் ஒன்று எரிவதற்கு ஒப்பான வெப்பம் இது. அன்றியும், உறக்கம் வருவதற்கு முன்னர் உடலின் உள்வெப்பம் சற்றுத் தணியத் தொடங்க வேண்டும் என்பது உடலின் நியதி. உறங்கும் நேரம் நெருங்க, கை கால்களிலும் முகத்திலும் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பத்தைத் தோலின் வழியாக வெளியே தள்ளுகின்றன. அவ்வாறு தள்ளப்படும் வெப்பத்திற்கு வழிவிடாது தலையின் ஒரு பாதியை மூடிக்கொண்டு கிடப்பதுதான் தலையணை. எனவே, எந்தத் தலையணை குளிர்ச்சி தரும் என்று கேட்பதிலும், எந்தத் தலையணை வெப்பத்திற்கும் வியர்வைக்கும் வழிவிடும் என்று கேட்பதே பொருத்தமாகும்.

வியர்வை என்றதும் மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. ஒரு கிராம் வியர்வை தோலின் மீதிருந்து ஆவியாகுமாயின் ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் அதனுடன் நீங்கும். 580 கிராம் நீரை ஒரு பாகை சூடாக்கப் போதுமான வெப்பம் அது. ஆனால், பானை குளிர்வது உலர்ந்த காற்று வீசும்போதுதான். ஆனி, ஆடி மாதங்களில் மலைநாட்டைக் கடந்து கிழக்கே இறங்கும் கச்சான் காற்று வீசும் நாட்களில் மட்டக்களப்பிற் பானைத் தண்ணீர் குளிரும். கொழும்பின் இரவுக் காற்றில் அவ்வளவு குளிராது. கரையோரப் பட்டினங்களில் இரவு முதிர முதிரக் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்குத் தொண்ணூறு அளவிற்கு ஏறுவது வழக்கம். ஏற்கனவே நிறைந்திருக்கும் அத்தகைய காற்று நம் வியர்வையை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆதலின், குளிர்நாட்டவர் எழுதிய தலையணை ஆலோசனைகளை எழுத்துப் பிசகாமற் பின்பற்றுதல் நமக்கு உதவாது.

இவற்றையெல்லாம் நூல்களிற் படித்து நான் தெளிந்தேன் என்று சொன்னால் அது உண்மையாகாது. 2022ஆம் ஆண்டு எனக்குக் கற்பித்த பாடம் இது. அவ்வாண்டின் பங்குனி இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வன்னிப் பகுதியில் நான் அதிபராகவிருந்த பாடசாலையின் விடுதியில், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த மாணவர்கள் தங்கியிருந்தனர். பரீட்சை மே மாத இறுதிக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அதாவது, வருடத்தின் கொடிய வெப்பகாலத்தைத் தாண்டித்தான் அவர்கள் பரீட்சைக்குச் செல்லவேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், நல்லுள்ளம் படைத்த ஒருவர் விடுதிக்குப் புத்தம்புதிய நுரைத் தலையணைகளை அன்பளிப்புச் செய்திருந்தார். வெள்ளைவெளேரென்ற உறை, பார்வைக்கு மிக அழகு. பழைய இலவம்பஞ்சுத் தலையணைகளைக் களஞ்சிய அறையிற் போட்டுப் பூட்டுமாறு பணித்தவன் நானே.

மின்விசிறி சுழன்ற நாட்களில் எவரும் எதுவும் கூறவில்லை. விசிறி நின்றதும் முறைப்பாடு தொடங்கிற்று. காலை முதற்பாடத்திலே பிள்ளைகள் மேசைமீது தலைசாய்ந்தனர். காரணம் கேட்டபோது ஒரு மாணவன் சொன்னான்: "சேர், தலகணி வேர்க்குது." தலைதான் வியர்க்கும், தலையணை வியர்க்குமோ என்று நான் அவனைச் சிறிது கடிந்துகொண்டேன். மறுநாள் இரவு விடுதிக்குச் சென்று பார்த்தபோது அவன் அந்தத் தலையணையைக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டுத் தன் பழைய சாரத்தை மடித்துத் தலைக்கு வைத்துத் துயின்றுகொண்டிருந்தான். அவனது தலையணையை எடுத்து நானும் ஓரிரவு விடுதியிற் படுத்தேன். ஒரு மணி ஆகுமுன் உறை நனைந்துவிட்டது. பையன் சொன்ன சொல்லிற் பிழையில்லை.

அடுத்த நாள் தலையணையைப் பிரித்துப் பார்த்தோம். அழகிய உறையின் கீழே, அழுக்குப் படாதிருக்கும்பொருட்டு மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒன்று நுரையைச் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. விஞ்ஞான ஆசிரியர் ஆர்வமிக்கவர். களஞ்சியத்திலிருந்து பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றையும், பையனின் சாரத்தையும், நுரைத் தலையணையையும் மூன்று மாணவர்க்குக் கொடுத்து, தலைக்கடியில் வெப்பமானி வைத்துப் பார்த்தார். நாங்கள் எதிர்பாராத விடை கிடைத்தது: பஞ்சுத் தலையணைக்கும் நுரைத் தலையணைக்கும் இடையில் வெப்பமானி சொல்லத்தக்க வேறுபாடு எதனையும் காட்டவில்லை. வேறுபாட்டைக் காட்டியது துணி. காலையில் இரண்டின் உறைகளையும் ஆய்வுகூடத் தராசில் நிறுத்தபோது, நுரைத் தலையணையின் உறை வியர்வையைச் சுமந்து கனத்திருந்தது. மற்றையது ஏறக்குறைய உலர்ந்திருந்தது. வெப்பத்தைவிட ஈரமே பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுத்தது என்பதை அன்று கண்டோம். நான் கலைப் பட்டதாரி. இத்தகைய சோதனைகளில் எனக்குப் பயிற்சியில்லை. ஆயினும், அன்றிலிருந்து தலையணை என்ற பொருள் என் சிந்தையை விட்டகலவில்லை.

இலவம்பஞ்சை முதலில் எடுத்துக்கொள்வோம். இலவு காத்த கிளியின் கதையை அறியாத தமிழரில்லை. கனியுமென்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சு பறந்தது ஏமாற்றம். எங்கள் அம்மம்மாவுக்கோ அதுவே கொண்டாட்டம். மாசி, பங்குனியில் நெற்றுக்கள் வெடிக்கத் தொடங்கும்போது அவற்றைக் கொக்கத்தடியாற் பறித்து, பாயில் உலர்த்தி, கோது நீக்கி, பஞ்சைக் குவித்து, நுனி பிளந்த தடியொன்றை அதனுட் செலுத்தி இரு கைகளாலும் கடைவார். கொட்டைகள் கீழே உதிர, பஞ்சு மேலே பொங்கும். காற்றுப் புகாத அறையிலேதான் இந்த வேலை நடைபெறும்; எனவே, வெளியே வரும்போது அனைவர்க்கும் தலை நரைத்திருக்கும். சிங்கள மக்கள் இம்மரத்தைக் கொட்டபுலுன் என்பர். கொட்ட என்பது அவர் மொழியிலே தலையணை. மரத்தின் பெயரிலேயே அதன் பயன் அடங்கிவிட்டது.

இலவநார் உள்ளீடற்ற நுண்ணிய குழாய். அதன் கனவளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெறுங்காற்று. அதன் மேற்புறத்தில் இயற்கையான மெழுகுப்பூச்சு உண்டு. ஆதலால் நீர் அதனை எளிதில் நனைப்பதில்லை. இப்பண்பு கருதியே முன்னர் கப்பலோட்டிகளின் உயிர்காப்பு அங்கிகளை இதனால் நிரப்பினர். தன் எடையைப் போன்று முப்பது மடங்கு வரையான பாரத்தை நீரில் மிதக்கவைக்க வல்லது இது. யாவாத் தீவே அக்காலத்தில் உலகிற்கு இலவம்பஞ்சை வழங்கிற்று. 1942இல் யப்பானியர் யாவாவைக் கைப்பற்றியதும் அமெரிக்கர்க்கு அது கிடையாதாயிற்று. அதற்கு மாற்றாக அவர்கள் தேடிப்பிடித்தது எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பஞ்சை. 1944இல் அந்நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் காடு கழனியெங்கும் சென்று அதன் நெற்றுக்களைச் சாக்குச் சாக்காகச் சேகரித்தனர். நம் வேலியோரத்து எருக்கம்பஞ்சையும் முன்னோர் தலையணைக்குப் பயன்படுத்தியதுண்டு, மிக மென்மையானது, ஆனால், ஒரு தலையணைக்குப் போதிய பஞ்சு சேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும்.

"இலவம்பஞ்சு குளிர்ச்சி" என்று பெரியோர் கூறும் கூற்றை இனி ஆராய்வோம். காற்றை அடைத்து வைத்திருக்கும் பொருள் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வெப்பக் காப்புக்கு இலவம்பஞ்சைப் பயன்படுத்துவோரும் உளர். அவ்வாறாயின் அது எங்ஙனம் குளிர்ச்சியாகும்? வெப்பமானி காட்டும் குளிர்ச்சியை நம் பெரியோர் கருதவில்லை என்பது என் துணிபு. நீர் வெப்பத்தைக் கடத்துவது அசையாக் காற்றைப் போல இருபது மடங்கிற்கும் மேல். ஈரம் தோய்ந்த நிரப்பு, கனத்து, படிந்து, தோலோடு ஒட்டி, புழுக்கத்தைத் தருகின்றது. இலவம்பஞ்சோ ஈரத்தை உள்ளே தேங்கவிடாது. வியர்வை உறையோடு நிற்கும். தலை சற்றே அசைந்ததும் உறை உலரும். பஞ்சு மீள்தன்மை உடையதாதலின் தலை புதைவதுமில்லை. புதையாத தலைக்குக் காற்றுப் படும் பரப்பு அதிகம். ஆகவே, தண்மை என்று அவர்கள் சொன்னது புழுக்கமின்மையை. அது உண்மையே.

குறைகளும் உள. இலவநார் முறியும் இயல்பினது. சில ஆண்டுகளில் நொறுங்கிக் கட்டிபட்டுவிடும். நீரில் இட்டுக் கழுவ முடியாது. கொட்டையைச் சரிவர நீக்காவிடில் பூச்சியும் எலியும் தேடி வரும். கடைகளில் விற்பனையாகும் சில தலையணைகளில் பஞ்சைத் திணிக்கும் திணிப்பைப் பார்த்தால், அது தலைக்கோ அன்றி மாட்டுவண்டிக்கோ என்று ஐயுற நேரும். அவ்வாறு திணித்த பஞ்சிற் காற்று நடமாடுவதில்லை. நிறைத்தபின் கையால் அமுக்கினால் பாதிக்குப் பாதி அமிழ்ந்து, விட்டதும் தானாக எழுமாயின் அதுவே போதுமான நிரப்பு.

பருத்திப் பஞ்சு இதற்கு நேர்மாறான குணமுடையது. அது வியர்வையைத் தாராளமாக உறிஞ்சும். முன்னிரவில் அது நமக்கு இன்பந்தரும். பின்னிரவிலோ, உறிஞ்சியதை வெளிவிட இயலாது கனத்துக் கிடக்கும். மேலும், பருத்தி விரைவில் அமுங்கிப் பலகைபோலாகும். பஞ்சடிப்பவர் வில்லோடு ஊர் ஊராக வந்த காலத்தில் இதற்குப் பரிகாரம் இருந்தது. அந்த வில்லின் நாண் ஒலி இப்போது அரிதாகிவிட்டது. எனவே, பருத்தியை நிரப்பாக அன்றி உறையாகப் பயன்படுத்துவதே சாலச் சிறந்தது. அந்த மாணவனின் மடித்த சாரம் அவனுக்கு உதவியதற்குக் காரணமும் இதுவே: மெல்லிய பருத்தித் துணியின் சில மடிப்புக்கள், இடையிற் காற்று, விடிந்ததும் கொடியிற் போட்டால் அரைமணியில் உலர்வு.

இறகுத் தலையணை நம் நாட்டுக்குப் புதிதன்று என்பாரும் உளர். அன்னத்தின் தூவியாலான அணையைப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை கூறுகின்றதே என்பர். உண்மை. ஆனால், அப்பாட்டு எந்தப் பருவத்தைப் பாடுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். வாடைக் காற்றில் மக்களும் விலங்கும் நடுங்கும் கூதிர்காலத்தில் அரண்மனையில் இடப்பட்ட படுக்கை அது. வெப்பத்தைப் பொத்திக் காப்பதில் பறவையின் தூவிக்கு நிகர் இல்லை. நுவரெலியாவில் இருப்பவர் அதனை விரும்பலாம்; வவுனியாவில் இருப்பவர்க்கு அது வேண்டா.

இனி, இறப்பர். 1876இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட நாள்முதல் அது நம் நாட்டின் செல்வமாயிற்று. மரத்திலிருந்து வடியும் பாலைக் காற்றுப் புக அடித்து நுரையாக்கி உறையவைத்துத் தலையணை செய்யும் முறை 1929இல் பிரித்தானியாவில், டன்லப் நிறுவனத்தில் உருவாயிற்று. அங்கு பணியாற்றிய மர்பி என்னும் விஞ்ஞானி கேக் அடிக்கும் கருவியாலே பாலை அடித்துப் பார்த்தார் என்று கூறுவர். இயற்கை இறப்பர் நுரையின் கண்ணறைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அன்றியும், அச்சில் வார்க்கும்போதே மேலிருந்து கீழாகத் துளைகள் விடுகின்றனர். தலை அசையும் ஒவ்வொரு முறையும் அத்துளைகள் வழியே வெப்பக்காற்று வெளியேறிப் புதுக்காற்று உட்புகும். புதையாது, கட்டிபடாது, பல்லாண்டு உழைக்கும். விலை மிகுதி; பாரமும் மிகுதி; தொடக்கத்திற் சிறிது நெடியும் உண்டு. வெயிலில் மட்டும் காயவிடுதல் ஆகாது. இறப்பர் வெயிற்பட்டால் வெடித்துப் பொடியாகும். இலவம்பஞ்சுக்கு வெயில் அமிர்தம். இறப்பருக்கு அது நஞ்சு. இவ்வேறுபாட்டை அறியாது நல்ல இறப்பர்த் தலையணையை வேலியிற் போட்டுப் பாழாக்கியவருள் என் வீட்டாரும் அடங்குவர்.

இன்று கடைகளில் மலிந்து கிடப்பது பொலியெஸ்ரர் பஞ்சு. 1941இல் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இரு பிரித்தானியர் கண்டுபிடித்த இழை இது. இலேசானது, மலிவானது, கழுவத்தக்கது. ஆனால், ஈரத்தை ஏற்கும் ஆற்றல் இதற்கு அறவே இல்லை எனலாம். பருத்தி தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கிற்குச் சற்று மேல் ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்கும். பொலியெஸ்ரர் அரைப்பங்கும் ஏற்காது. பருத்தி உறையிட்டு, பஞ்சைத் தளர நிரப்பி, ஆண்டுக்கொரு முறை மாற்றக்கூடியவர்க்கு இது ஒருவாறு பயன்படும்.

நினைவு நுரை என விற்கப்படுவது வேறொரு சாதி. 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஏம்ஸ் ஆய்வுநிலையத்திற்காக, விமான இருக்கைகளைக் கருத்திற்கொண்டு உருவாக்கப்பட்டது அது. உடற்சூட்டில் இளகி, தலையின் வடிவத்தை ஏற்றுக்கொள்வதே அதன் சிறப்பு. கழுத்து நோவுடையோர் சிலர்க்கு அது ஆறுதலளிப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், இளகுவதற்கு அது முதலில் உங்கள் வெப்பத்தை வாங்கவேண்டும். இளகியபின் காதையும் கன்னத்தையும் சுற்றித் தழுவிக்கொள்கின்றது. அத்தழுவலிற் காற்றுக்கு இடமில்லை. இக்குறையைப் போக்குவதற்கென மேலே நீலநிறக் கூழ் பூசி விற்கின்றனர். கூழ் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் தொட்டதும் சில்லென்றிருக்கும். கடையில் நின்று தொட்டுப் பார்ப்பவரை மயக்குவது இதுவே. கூழ் சூடேறியபின் அந்தச் சில்லிப்பு நீங்கிவிடும். உருகும் மெழுகுத் துணிக்கைகளைப் பதித்த உறைகளின் கதையும் இதுவே. மெழுகு உருகி முடியும்வரை குளிர்ச்சி, அதன்பின் இல்லை. "மூங்கில் தலையணை" என்று பெயர் சூட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அரிந்த நுரை. மூங்கிற் கூழிலிருந்து செய்த இழை மேலுறையில் மட்டும் உண்டு. பெயரில் மூங்கிற்காடு, உள்ளே மூங்கிலின் துண்டுகூட இல்லை.

மென்மைதான் தலையணைக்கு இலக்கணம் என்று உலகில் எல்லோரும் கருதியதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1922இல் எகிப்திலே திறக்கப்பட்ட துதன்காமன் மன்னனின் கல்லறையில் தந்தத்தாலும் கண்ணாடியாலுமான தலைதாங்கிகள் இருந்தன. சீனத்தில் சொங் மன்னர் காலத்தில் பீங்கான் தலையணைகள் கோடையில் விரும்பிப் பயன்படுத்தப்பட்டன. பீங்கானில் தலை வைத்து உறங்க நம்மால் இயலாது. ஆனால், யப்பானியர் இன்றும் கைவிடாத ஒரு முறை நம் சிந்தனைக்குரியது. பக்வீற் என்னும் தானியத்தின் உமியை அவர்கள் தலையணையில் நிரப்புகின்றனர். ஒவ்வோர் உமியும் சிறு கிண்ணம் போன்றது; எவ்வளவு அமுக்கினாலும் இடைவெளி மாறாது; காற்று தாராளமாக நடமாடும். யப்பானின் கோடையும் நம் கோடையைப் போன்று ஈரம் மிக்கதே. அசையும்போது சரசரக்கும் என்பது அதன் குறை.

நிரப்பைப்பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு உறையைக் கூறாதொழிதல் தகாது. நம் வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் இருக்கின்றது. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் உறையை ஊடுருவி நிரப்பில் ஊறிவிட்டால், எத்துணை நல்ல பஞ்சாயினும் அதன் துவாரங்கள் அடைபட்டுவிடும். ஆகையால், பஞ்சு வெளிவராத நெருக்கமான துணியால் உள்ளுறையும், கைத்தறிப் பருத்தியால் தளர்ந்த மேலுறையும் வேண்டும். மேலுறையை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றினால் நன்று. பளபளப்பான செயற்கைப் பட்டுறை விருந்தினர் அறைக்கு அழகு, விருந்தினர் உறங்குவதற்கன்று. ஈரத் தலையுடன் படுப்பதைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் தாய்மார் சொல்லியிருப்பர்.

உயரத்தைப் பொறுத்தவரை, மல்லாந்து படுப்பவர்க்குத் தாழ்ந்ததும், பக்கவாட்டிற் படுப்பவர்க்குத் தோளுக்கும் காதுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பத்தக்கதும் ஏற்றவை.

ஆபத்துக்களையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தலையணையே கூடாது. பஞ்சும் ஆகாது, நுரையும் ஆகாது. முகம் புதைந்தால் திரும்பிக்கொள்ளும் வலிமை அதற்கில்லை. மூச்சுத் திணறி உயிரிழந்த குழந்தைகள் உண்டு. பாட்டிமார் அன்பினால் வைக்கும் சிறு தலையணைக்கும் இது பொருந்தும். இரண்டாவது, தீ. இலவம்பஞ்சு பொறி பட்டால் நொடியிற் பற்றும். பொலியூரத்தேன் நுரை எரியும்போது எழும் புகையோ கொடிய நஞ்சு. 2022இன் இருண்ட இரவுகளில் கட்டிலருகே மெழுகுதிரி வைத்துப் படித்த பிள்ளைகளையும், தலைமாட்டிலே நுளம்புத்திரி கொளுத்திவைத்த பெற்றோரையும் நினைத்தால் இன்றும் எனக்கு நடுக்கம் உண்டாகின்றது. திரியைக் கட்டிலிலிருந்து எட்டத்தில், மண் தட்டின்மீது வையுங்கள்.

இழுப்பு நோயுள்ளவர் வீட்டில், "இறகையும் பஞ்சையும் எறிந்துவிட்டுச் செயற்கைப் பஞ்சு வாங்குங்கள்" என்று கூறும் அறிவுரை நெடுங்காலமாக வழங்கிவந்தது. 1996இல் நியூசிலாந்து ஆய்வாளர் தலையணைகளைச் சோதித்தபோது, தூசுப்பூச்சியின் ஒவ்வாமைப்பொருள் இறகுத் தலையணையைவிடச் செயற்கைப் பஞ்சுத் தலையணையிலேயே மிகுதியாக இருக்கக் கண்டனர். இறகு வெளிவராதிருக்க இடப்படும் நெருக்கமான உறை பூச்சியையும் தடுக்கின்றது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆகவே, நெருங்கிய நெசவுடைய உள்ளுறையின் நன்மை இங்கும் விளங்கும். ஈரம் மிக்க இடத்தில்தான் அப்பூச்சி பெருகும். கடும் வெயிலில் உலர்த்துதலும், கழுவத்தக்க உறைகளை 60 பாகை செல்சியசு வெந்நீரிற் கழுவுதலும் அதற்குப் பகை.

கடைக்குச் செல்வோர்க்கு ஓர் எளிய சோதனை கூறுகின்றேன். உறையின்மீது வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று உள்ளே செல்லுமாயின் அது தலைக்கும் வழிவிடும். முகத்தில் திருப்பி அடிக்குமாயின் உள்ளே படலம் ஒன்று ஒளிந்திருக்கின்றது. பின்னர், உள்ளங்கையை அதன்மீது ஐந்து நிமிடம் அழுத்தி வைத்திருங்கள். கடைக்காரர் ஒருமாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். கை ஈரமாகின்றதா என்பதே கேள்வி.

எங்கள் விடுதியிலே களஞ்சிய அறையைத் திறந்தோம். பழைய பஞ்சு கட்டிபட்டிருந்தது. அக்காலத்திலே புதிது வாங்குவது எண்ணிப் பார்க்கக்கூடியதாயில்லை. ஒரு சனிக்கிழமை பெற்றோரும் பிள்ளைகளும் கூடி, கொரோனாக் காலத்து முகக்கவசங்களை அணிந்துகொண்டு, பஞ்சைப் பிரித்து, கொட்டை நீக்கி, இரண்டு நாள் வெயிலிற் காயவிட்டு, நொறுங்கியதைக் கழித்து, எஞ்சியதைத் தளர நிரப்பினோம். பெற்றோர் கொண்டுவந்த பழைய வேட்டிகளும் நூற்சேலைகளும் உறைகளாயின. கழித்ததுபோக எல்லோர்க்கும் போதிய பஞ்சு இல்லை. ஆகவே, பரீட்சைக்குத் தோற்றுபவர்க்கு முதலிடம் கொடுத்தோம். சாரம் மடித்துப் படுத்த பையன் தனக்கு வேண்டாமென்றான், அவனை வற்புறுத்தவில்லை. முதற்பாடத்திலே தலைசாய்பவர் தொகை குறைந்தது. அறவே இல்லாமற்போயிற்று என்று சொல்லமாட்டேன், முதற்பாடம் என் வரலாற்றுப் பாடமாகவும் இருந்ததல்லவா?

அன்பளிப்பாக வந்த நுரைத் தலையணைகளை எறிந்துவிடவும் மனம் ஒப்பவில்லை. பிளாஸ்ரிக் படலத்தை உரித்து, நுரையை அளவாக வெட்டி, நூலகத்து வாங்குகளுக்கு இருக்கைகளாகத் தைப்பித்தோம். அவற்றின்மீது எவரும் அரைமணி நேரத்துக்கு மேல் அமர்வதில்லையாதலால், இதுவரை முறைப்பாடு எதுவும் வரவில்லை.